மெஷினுக்கு எண்ணெய் போடும் நாள்

மேவிஸ் பெரியம்மாவுக்கு அறுபத்தொரு வயது. என் அம்மாவுக்கு அக்கா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. புனேவின் தாபோடியில், ராணுவப் பொறியியல் கல்லூரியின் பின்மதிலைப் பார்த்த ஒரு கட்டடத்தில் இரண்டாம் மாடியில் தனியாக இருக்கிறார். முப்பத்துநான்கு வருடம் ஒரு பள்ளி அலுவலகத்தில் கிளார்க்காக வேலை பார்த்தார். அந்தப் பள்ளியை விட்டுப் போன பிள்ளைகளின் டி.சி.யில் பெயர் எழுதியது அவர்தான். ஓர் எழுத்து தவறினாலும் அந்தத் தாளைக் கிழித்துவிட்டு வேறு தாள் எடுப்பார். அடித்துத் திருத்திய பெயரோடு ஒரு பிள்ளையை வெளியே அனுப்பக் கூடாது என்பது அவர் கொள்கை.

ஓய்வுபெற்ற பிறகு முழுநேரமும் தையல். அவருடைய அப்பா, அதாவது என் தாத்தா, அந்தக் கல்லூரியில் தையல்காரராக இருந்தவர். அவர் விட்டுப்போன மிதி மெஷின் ஜன்னலோரம் இருக்கிறது. திரைச்சீலை, கோயில் பீட விரிப்பு, பள்ளி யூனிஃபார்ம் என்று எல்லா நாளும் அது ஓடும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தும் ஓடும். மாதத்தில் ஒரு நாள் மட்டும் ஓடாது. அன்றைக்குப் பழைய போர்வை ஒன்றை அதன்மேல் போர்த்திவிடுவார். யாராவது துணி கொண்டுவந்தால், “இன்னிக்கு மெஷினுக்கு எண்ணெய் போட்டிருக்கேன், ஊறட்டும். நாளைக்கு வாங்க” என்பார்.

அந்த நாள் அமாவாசை. இது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் யாரும் அந்த வார்த்தையைச் சொல்வதில்லை. நாங்கள் பல தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள். அமாவாசை பார்ப்பது கோயிலில் தெரிந்தால் என்ன நினைப்பார்கள் என்ற பயத்தில், தாத்தா காலத்திலோ அதற்கும் முன்போ யாரோ கண்டுபிடித்த பெயர்தான் ‘எண்ணெய் நாள்’. பெரியம்மா சின்ன வயதில் அதை அப்படியே நம்பியிருக்கிறார். உலகத்தில் எல்லா மெஷினையும் மாதம் ஒரு நாள் எண்ணெயில் ஊறப் போடுவார்கள் என்று வகுப்பில் சொல்லி, டீச்சர் சிரித்த பிறகுதான் விஷயம் தெரிந்ததாம். ஏன் அமாவாசை என்று மட்டும் தாத்தாவுக்கும் தெரியவில்லை. “எங்கப்பா ஓட்ட மாட்டார், நானும் ஓட்டல” என்று முடித்துவிட்டார்.

எங்கள் வீட்டுக் காலண்டர் கோயில் காலண்டர். அதில் அமாவாசை போட்டிருக்காது. அதனால் பெரியம்மா மாதா மாதம் கீழ்வீட்டுத் தர்மாம்பாள் மாமியிடம் போய்க் கேட்பார். மாமி காஞ்சிபுரத்துக்காரர். அவர் வீட்டில் தமிழ் நாள்காட்டி தொங்கும்.

“என்ன மேவிஸ், எண்ணெய் நாள் கேக்க வந்தியா? வர்ற புதன்கிழமை. நல்லா ஊறட்டும்” என்று மாமி சொல்வார். இரண்டு பேரும் சிரிக்க மாட்டார்கள்.

இனி, பெரியம்மா இந்த வருடம் அலைந்த அலைச்சலைச் சொல்ல வேண்டும். அதற்குக் காரணம் அவருக்கு ஒரு கல்லறை தேவைப்பட்டதுதான்.

எங்கள் கோயிலைச் சேர்ந்தவர்களுக்கு இரண்டு கல்லறைத் தோட்டங்கள். பழையது நிரம்பிவிட்டது. அங்கே குடும்பக் கல்லறை இருந்தால், ரத்த வழியில் வந்தவரை அதே குழியில் வைக்கலாம். மற்றவர்கள் ஊருக்கு வெளியே இருக்கும் புதியதற்குப் போக வேண்டும். அங்கே ஐந்து வருடம்தான். பிறகு தோண்டி, எலும்பை எடுத்துப் பொதுக்குழியில் சேர்த்துவிடுவார்கள். பொதுக்குழியில் பெயர் கிடையாது. பழைய தோட்டத்தில் எங்கள் கல்லறை எது என்று அப்போது யாரும் தேடாததால் தாத்தா அப்படித்தான் போனார். பெரியம்மா ஒருமுறை அந்தக் குழியின் சிமெண்ட் மூடியைப் பார்த்துவிட்டு வந்தார். மூன்றாம் நாள் அம்மாவிடம் சொன்னார்:

“எனக்குப் பிள்ளை குட்டி கிடையாது. யாரும் வந்து பூ வைக்க வேண்டாம், மெழுகுவத்தி ஏத்த வேண்டாம். என் பேரு எழுதின இடம் ஒண்ணு இருந்தா போதும்.”

“இப்பல்லாம் எரிக்கலாம்னு ஃபாதரே சொல்றாரே அக்கா” என்றார் அம்மா.

“சாம்பலுக்கு ஏதுடி விலாசம்? ஆத்துல கரைச்சா முளா ஆறு முழுக்க நான்தான். எங்கேன்னு வந்து பார்ப்பே?”

ஈஸ்டர் முடிந்து சில வாரத்தில் பூசை முடிவில் ஓர் அறிவிப்பு வாசித்தார்கள். பழைய தோட்டத்தை ஒட்டிய சாலையை அகலப்படுத்தப் போகிறார்கள். மதிலோரம் இருக்கும் ஏழாம் வரிசை முழுக்கப் போய்விடும். அங்கே இருக்கும் எலும்புகளை எடுத்து, புதிதாகக் கட்டும் சுவரில் சிறு அறைகள் வைத்து அவற்றில் சேர்ப்பார்கள். மற்ற வரிசைகளில் உரிமை கேட்க ஆள் இல்லாத கல்லறைகளை வேறு குடும்பங்களுக்குக் கொடுப்பார்கள். உரிமை உள்ளவர்கள் ஜூலை மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமைக்குள் கமிட்டியிடம் சான்று காட்ட வேண்டும்.

பெரியம்மாவின் முழுப்பெயர் மேவிஸ் அந்தோணி. தாத்தாவின் தாத்தா பெயர் அந்தோணி. அதற்குப் பின்னால் வந்த எல்லோருக்கும் அதுவே குடும்பப் பெயராகிவிட்டது. அந்த முதல் அந்தோணியைப் பற்றி எங்களுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: தமிழ்நாட்டிலிருந்து புனேவுக்கு வந்தவர், பட்டு நெசவுத் தொழில், ஒரு மகாராணியின் கல்யாணப் புடவையை நெய்தவர், பழைய தோட்டத்தில் புதைக்கப்பட்டவர்.

தோட்டத்தில் அந்தோணி என்ற பெயரோடு இரண்டு கல்லறைகள் இருந்தன. ஒன்று மூன்றாம் வரிசையில், வேப்ப மரத்தடியில். கறுப்புக் கல், சிலுவை உடையாமல் நின்றது, 1931 என்று எழுதியிருந்தது. இன்னொன்று ஏழாம் வரிசையில், மதிலோரம். கல் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. அதில் 1934.

எங்கள் கோயிலில் இன்னோர் அந்தோணிக் குடும்பமும் உண்டு. ஸ்டீபன் அந்தோணி. கசார்வாடியில் பழைய மும்பை நெடுஞ்சாலையோரம் லேத் பட்டறை வைத்திருக்கிறார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். எங்களுக்கு அவர்கள் சொந்தம் இல்லை. அவர்களுடைய முன்னோரும் ஓர் அந்தோணி, அவரும் பட்டுத் தொழில். அவர்கள் வீட்டுக் கதையில் அவர் நெய்தது மகாராஜாவின் தலைப்பாகை. ஸ்டீபனின் அப்பா டேனியலுக்கு எண்பத்தாறு வயது. படுக்கையில் இருந்தார். ஸ்டீபன் இடம் தேடியது அவருக்காக.

இருவரும் ஒரே நாளில் கமிட்டிச் செயலாளர் மரியஜோசப்பிடம் போய் நின்றார்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு, கல்லூரிப் பட்டியல்களில் பெயர் வராமல் வீட்டில் உட்கார முடியாமல் இருந்த நானும் கூடப் போயிருந்தேன்.

“மூணாம் வரிசை எங்களுது” என்றார் பெரியம்மா.

“மூணாம் வரிசை எங்களுதுக்கா” என்றார் ஸ்டீபன். “நிழல்ல படுத்திருக்கிறவர் எங்க ஆளுதான். எங்க வீட்ல யாரும் வெயில் தாங்க மாட்டாங்க.”

“நீ அவரைப் பார்த்தியா?”

“நீங்க பார்த்தீங்களா?”

“ரெண்டு பேரும் பார்க்கல” என்றார் மரியஜோசப். “செத்தவங்க சண்டை போடாம தொண்ணூறு வருஷமா கெடக்காங்க. கொஞ்சம் பொறுங்க, நான் ரெஜிஸ்டரைப் பார்க்கிறேன்.”

அடக்கப் பதிவேட்டில் இரண்டு வரிகள் இருந்தன. 1931இல் அந்தோணி, சவரியின் மகன், பட்டுக் கொட்டகைத் தொழிலாளி. 1934இல் அந்தோணி, ராயப்பனின் மகன், பட்டுக் கொட்டகைத் தொழிலாளி. கொட்டகை ரவிவார் பேட்டைச் சேர்ந்த ஒரு கான்ட்ராக்டருடையது என்று அவர் பெயரும் இருந்தது. மனைவி பெயர், பிள்ளைகள் பெயர் எதுவும் இல்லை.

“பிள்ளைங்க பேரை எழுதாம இது என்ன ரெஜிஸ்டர்?” என்றார் பெரியம்மா. அந்தோணியின் அப்பா சவரியா, ராயப்பனா என்று அவருக்கும் தெரியவில்லை, ஸ்டீபனுக்கும் தெரியவில்லை. இரண்டு குடும்பத்திலும் அதற்கு முந்தைய பெயர் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

அடுத்த சனிக்கிழமை பெரியம்மாவும் நானும் தாபோடியில் மெட்ரோ ஏறி கஸ்பா பேட்டில் இறங்கினோம். நல்ல மழை. ஸ்டீபன் பைக்கில் நனைந்துகொண்டு வந்து சேர்ந்தார். ஒருவரை விட்டு ஒருவர் மட்டும் போவதில் இருவருக்கும் சம்மதம் இல்லை. ரவிவார் பேட்டில் அந்தக் கான்ட்ராக்டர் குடும்பத்தின் கடை இன்னும் இருந்தது. இப்போது அங்கே உள்பாவாடையும் லைனிங் துணியும் விற்கிறார்கள். கல்லாவில் இருந்தவர், பழைய காகிதங்களை எல்லாம் பர்வே காகாவிடம் கொடுத்துவிட்டதாகச் சொல்லி அடுத்த சந்துப் பக்கம் கை காட்டினார்.

பர்வே காகா, அதாவது பர்வே சித்தப்பா, ஓய்வுபெற்ற பல் டாக்டர். மோடி எழுத்துப் படிப்பார். அந்தக் காலத்தில் மராத்தியை வேகமாக எழுதப் பயன்படுத்திய எழுத்து அது. இப்போது மராத்திக்காரர்களிலேயே பலருக்குப் படிக்கத் தெரியாது. அவர் நெற்றியில் டாக்டர் விளக்கை மாட்டிக்கொண்டுதான் படித்தார். பல் பார்த்த பழக்கம் போகவில்லை போலிருக்கிறது, பக்கத்தைத் திருப்பும்போதெல்லாம் “வாயைத் திற, திற” என்று மெதுவாகச் சொன்னார்.

கொட்டகையின் வருகைப் பதிவேடு ஒரே ஒரு வருடத்துக்கு மட்டும் இருந்தது. 1918. மற்றவற்றைக் கரையான் தின்றுவிட்டது. இருந்ததிலும் மே முதல் ஆகஸ்ட் வரைதான் முழுதாக இருந்தது. ராணுவத்துக்குத் துணி கொடுத்ததால் தேதிகள் ஆங்கிலத் தேதிகள்.

“ராணுவத்துக்குப் பட்டுத் துணியா?” என்று கேட்டேன்.

“பீரங்கிக்கு வெடிமருந்து கட்டும் பை” என்றார் காகா. “சாயம் இல்லை, கரை இல்லை, ஜரிகை இல்லை. முரட்டுப் பட்டு.”

“பைக்கு எதுக்குப் பட்டு? கோணி போதாதா?” என்றார் ஸ்டீபன்.

“பருத்தியோ சணலோ எரிந்தால் குழலுக்குள் கனல் தங்கிவிடும். அடுத்த பையை உள்ளே தள்ளுகிறவன் கை போய்விடும். பட்டு மிச்சமில்லாமல் எரிந்துவிடும்.”

ஸ்டீபன் பெரியம்மா பக்கம் திரும்பி, “அக்கா, உங்க மகாராணி இந்தப் பையைத்தான் கட்டிக்கிட்டாங்களா?” என்றார்.

“உங்க மகாராஜா தலையில வச்சிக்கிட்டது போக மிச்சத்தை” என்றார் பெரியம்மா.

காகா பெயர்ப் பட்டியலில் விரலை ஓட்டினார். மராத்தி வழக்கப்படி ஆளின் பெயருக்குப் பின்னால் அப்பா பெயர் இருந்தது. அந்தோணி சவரி. நான்கு வரி கீழே அந்தோணி ராயப்பா. இருவருக்குமே தறி வேலை என்றோ வேறு வேலை என்றோ எழுதியிருக்கவில்லை. வந்த நாளுக்கு ஒரு கோடு, வராத நாளுக்கு ஒரு சுழி, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை கொட்டகைக்கே விடுமுறை.

காகா சுழிகளை வாசித்தார். ஸ்டீபன் ஒரு பில்லின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டே போனில் கிழமை பார்த்தார். சவரி மகன் அந்தோணிக்கு நிறையச் சுழிகள். எல்லாம் திங்கட்கிழமை.

“ஞாயித்துக்கிழமை கொஞ்சம் ஜாஸ்தி ஆயிருக்கும்” என்றார் ஸ்டீபன். “இவர் யார் வீட்டு ஆளா இருந்தாலும் எனக்குப் பிடிச்சிருக்கு.”

ராயப்பன் மகன் அந்தோணிக்கு நான்கே சுழிகள். மே பத்து, ஜூன் எட்டு, ஜூலை எட்டு, ஆகஸ்ட் ஆறு.

“ஒழுங்கான ஆள். மாதம் ஒரே நாள்தான் விடுப்பு” என்றார் காகா. “கிழமையும் ஒன்று இல்லை. வெள்ளி, சனி, திங்கள், செவ்வாய்.”

பெரியம்மா குடையைச் சுருட்டிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். “அந்தத் தேதியை இன்னொரு தடவை சொல்லுங்க” என்றார். காகா சொன்னார். பெரியம்மா எழுதிக்கொள்ளவில்லை.

படியிறங்கும்போது ஸ்டீபன் பில்லை மடித்துப் பையில் வைத்தார். “இதுல ஒண்ணும் தெரியலக்கா. கடைசி ஞாயித்துக்கிழமை கமிட்டி முன்னாலேயே ரெண்டு சீட்டு எழுதிக் குலுக்கிடலாம். மூணாம் வரிசை யாருக்கு வருதோ வரட்டும். அப்புறம் ஒருத்தர் மேல ஒருத்தர் குத்தம் சொல்லக் கூடாது.”

“பார்ப்போம்” என்றார் பெரியம்மா.

மெட்ரோவில் இடம் கிடைத்தது. சிவாஜி நகர் தாண்டும்வரை அவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்:

“டானியா, உன் போன்ல நூறு வருஷத்துக்கு முந்தின நிலா கணக்கு வருமா?”

வந்தது. 1918 என்று போட்டேன்.

“மே பத்து?”

“அமாவாசை.”

“ஜூன் எட்டு?”

“அமாவாசை.”

மற்ற இரண்டையும் அவர் கேட்கவில்லை. நானே பார்த்துச் சொன்னேன். அவையும் அதே.

“ஜூலை எட்டு திங்கக்கிழமை” என்றார் பெரியம்மா. “அன்னிக்கு ரெண்டு அந்தோணியும் வேலைக்கு வரல. ஒருத்தர் நிலாவுக்காக, ஒருத்தர் சாராயத்துக்காக.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை. அப்போதுதான் எனக்கும் உறைத்தது. ராயப்பன் மகன்தான் எங்கள் ஆள் என்றால், எங்களுடையது ஏழாம் வரிசை. மதிலோடு போகப்போகிற வரிசை. வேப்ப மரத்தடி ஸ்டீபனுக்கு.

“நாம சொல்லாட்டா யாருக்கும் தெரியாது பெரியம்மா. சீட்டு நமக்கும் விழலாம்.”

“தெரியாதுதான்” என்றார்.

வியாழக்கிழமை அமாவாசை. நான் போனபோது மெஷின்மேல் போர்வை கிடந்தது. பெரியம்மா கீழே தர்மாம்பாள் மாமி வீட்டில் இருந்தார். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அந்த வார்த்தையை வாய்விட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“மாமி, பட்டு நெய்யறவங்களுக்கும் அமாவாசைக்கும் ஏதாவது உண்டா?”

“உண்டாவா? எங்க ஊர்ல தறிக்காரங்களுக்கு ஞாயித்துக்கிழமையா லீவு? அமாவாசைதான். அன்னிக்குத் தறியைத் தொட மாட்டாங்க. மத்த நாள்ல அந்தத் தெருவுல நின்னு பேசினா காது கேக்காது. அமாவாசையன்னிக்குக் காக்கா கத்தறது கேக்கும்.”

“இதை முப்பது வருஷமா ஏன் சொல்லல?”

“நீ எண்ணெய்னு சொன்னே. எண்ணெயைப் பத்தி எனக்கு என்ன தெரியும்? கேட்டாத்தானேடி சொல்வேன்.”

பெரியம்மா மாடிக்கு வந்து, மெஷின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு வெள்ளைத் தாளில் எழுத ஆரம்பித்தார். ஒரு தாளைக் கிழித்தார். இரண்டாவதையும் கிழித்தார். மூன்றாவதில் முடித்தார். என்னைப் படிக்கச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு கோயில் பின்னறையில் கமிட்டி கூடியது. ஃபாதர், மரியஜோசப், இன்னும் ஐந்தாறு பேர். ஸ்டீபன் வீட்டிலிருந்தே இரண்டு சீட்டு எழுதி, ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுக் கொண்டுவந்திருந்தார்.

“டப்பா வேண்டாம்” என்று சொல்லி, பெரியம்மா எழுந்து தாளை வாசித்தார். அதில் இருந்தது இதுதான். எங்கள் வீட்டில் மாதம் ஒரு நாள் மெஷின் ஓடாது. அதை எண்ணெய் நாள் என்று சொல்லி வந்தோம். அது அமாவாசை. ராயப்பன் மகன் அந்தோணி 1918இல் வேலைக்கு வராத நான்கு நாளும் அமாவாசை. நெசவுக்காரர்களுக்கு அன்று விடுமுறை என்று தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். அன்று அவர் தறியை ஓட்டவில்லை, அவர் பேரனான என் அப்பா மெஷினை ஓட்டவில்லை, நானும் ஓட்டுவதில்லை. ஆகவே ஏழாம் வரிசைதான் எங்களுடையது. மூன்றாம் வரிசையின் மேல் எனக்கு உரிமை இல்லை.

கீழே கையெழுத்தும் தேதியும் போட்டிருந்தார்.

அறையில் ஒருவர் தொண்டையைச் செருமினார். ஃபாதர் கண்ணாடியைக் கழற்றினார்.

“போன மாசம் என் அங்கியைத் தைக்கக் கொடுத்தப்போ, எண்ணெய் ஊறுதுன்னு ஒரு நாள் காக்க வச்சீங்களே, அது இதுதானா?”

“ஆமா ஃபாதர்.”

“நான் ஊர்ல எங்க அம்மாகிட்டகூடச் சொன்னேன், மிதி மெஷினுக்கு மாசம் ஒரு தடவை எண்ணெய் போட்டு ஊற வைக்கணும்னு. அவங்களும் செய்யறாங்க.”

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. கண்டிப்பாரோ என்று பெரியம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அவர் கண்டிக்கவில்லை. மரியஜோசப் பதிவேட்டில் இரண்டு பெயருக்கும் எதிரே குறித்துக்கொண்டார்.

வெளியே படிக்கட்டில் ஸ்டீபன் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“அக்கா, இதைச் சொல்லாம இருந்திருக்கலாமே. எனக்கு இது ஜென்மத்துக்கும் தெரிஞ்சிருக்காது.”

“சொல்லாம இருந்தா, சீட்டு எனக்கு விழுந்தா, நான் உங்க ஆளோட படுத்துக் கெடக்கணும். திங்கக்கிழமை திங்கக்கிழமை வாடை தாங்குமா?”

ஸ்டீபன் சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். “அப்பாவுக்கு இடம் கிடைச்சுது. உங்களுக்கு?”

“எனக்கு இன்னும் அவசரம் இல்ல” என்று சொல்லிவிட்டுப் பெரியம்மா படியிறங்கினார். கமிட்டி விதியில் ரத்த வழி என்று இருப்பதால் ஸ்டீபனாலும் ஒன்றும் செய்ய முடியாது.

செப்டம்பரில் ஸ்டீபனின் அப்பா டேனியல் இறந்தார். மூன்றாம் வரிசையில் வைத்தார்கள். பெட்டிக்குள் விரிக்கும் வெள்ளைத் துணியைப் பெரியம்மாதான் தைத்தார். அடக்கம் முடிந்து எல்லோரும் போன பிறகு அவர் ஏழாம் வரிசைப் பக்கம் நடந்தார். மதிலில் முனிசிபாலிட்டி சிவப்புக் கோடு போட்டிருந்தது. எதிரே புதுச் சுவர் எழும்பிக்கொண்டிருந்தது. அதில் ஒன்றரை அடி சதுரத்தில் அறைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கல் பலகை. பெரியம்மா முழங்கையால் ஓர் அறையை அளந்தார்.

“இதுல என்ன வைப்பீங்க?” என்று அங்கிருந்த கொத்தனாரிடம் ஹிந்தியில் கேட்டார்.

“எலும்பு, இல்லேன்னா சாம்பல்.”

“பலகையில எத்தனை பேர் எழுதலாம்?”

“சின்ன எழுத்துன்னா நாலு பேர் வரைக்கும்.”

திரும்பி வரும் வழியில் அவர் அம்மாவுக்குப் போன் செய்தார். தெருவில் பஸ் சத்தம், அதனால் கொஞ்சம் கத்தியே பேசினார். “நான் சொன்னதை மாத்திக்கறேன். என்னைப் புதைக்க வேண்டாம். எரிச்சிடுங்க. சாம்பலுக்கு விலாசம் கெடைச்சிருக்கு.” அந்தப் பக்கம் அம்மா ஏதோ கேட்டார். “பயம் என்னடி பயம்? அவர் நெய்த பை மாதிரி மிச்சமில்லாம எரிஞ்சாப் போதும்” என்றார்.

நவம்பரில் ஏழாம் வரிசையைத் திறக்கும் தேதி வந்தது. வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணி. குடும்பத்தார் எலும்பைச் சுற்ற ஒரு துணியோ பையோ கொண்டுவர வேண்டும் என்று மரியஜோசப் புதன்கிழமை சாயங்காலம்தான் சொன்னார். பெரியம்மா வியாழக்கிழமை காலை ரவிவார் பேட்டுக்குப் போய், சாயம் போடாத, கரையில்லாத பட்டு ஒரு மீட்டர் வாங்கி வந்தார். கடைக்காரர், இந்தத் துணியில் என்ன தைக்க முடியும் என்று கேட்டாராம்.

வியாழக்கிழமை அமாவாசை. நான் மத்தியானம் போனபோது துணி மேஜைமேல் மடித்தபடி இருந்தது. மெஷின்மேல் போர்வை.

“நாளைக்கு ஒன்பது மணிக்குப் போகணுமே பெரியம்மா. ஒரு பைதானே, பத்து நிமிஷம். ஓட்டிடுங்களேன். இல்லேன்னா குடுங்க, எங்க வீட்ல நான் ஓட்டிட்டு வர்றேன்.”

“அவருக்குத்தான் பை. அவரே லீவு போட்ட நாள்ல நான் வேலை செஞ்சா அவருக்கு எப்படி இருக்கும்?”

அன்று இரவு நான் அங்கேயே தங்கினேன். விடிந்தும் விடியாமலும் இருந்தபோது மெஷின் சத்தம் கேட்டு எழுந்தேன். மணி ஐந்தரை. போர்வை கட்டில் முனையில் மடித்து வைக்கப்பட்டிருந்தது. கீழ்வீட்டிலிருந்து மாமியின் குரல் கேட்டது. “எண்ணெய் ஊறிடுச்சா மேவிஸ்?”

“ஊறிடுச்சு மாமி” என்று ஜன்னல் வழியாகச் சொல்லிவிட்டு, பெரியம்மா தையலைத் திருப்பினார்.

தோண்டியபோது பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. சில எலும்புத் துண்டுகள், துருப்பிடித்த ஒரு சிலுவை, பெட்டியின் மூன்று ஆணிகள். எல்லாவற்றையும் பட்டுப் பையில் போட்டு, ஃபாதர் செபித்து, அறைக்குள் வைத்தார்கள். பை அந்த அறைக்குப் பாதி அளவுதான் இருந்தது. ஸ்டீபனும் வந்திருந்தார். துருப்பிடித்த சிலுவையைப் பட்டறைக்குக் கொண்டுபோய்ச் சுத்தம் செய்து தருவதாகச் சொன்னார். பெரியம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை.

கொத்தனார் பலகையில் எழுத வேண்டியதைக் கேட்டார். பெரியம்மா கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருந்தது. ‘அந்தோணி, ராயப்பன் மகன், பட்டு நெசவாளர், 1934.’ கொத்தனார் பென்சிலால் பலகையின் நடுவில் கோடு போடப் போனார்.

“நடுவுல வேண்டாம், மேல எழுதுங்க” என்றார் பெரியம்மா. “கீழ ஒரு வரிக்கு இடம் விடணும்.”

“யாருக்கு?”

பெரியம்மா தாளைத் திரும்ப வாங்கி, பின்பக்கத்தில் தன் பெயரை எழுதினார். எழுதியதை ஒருமுறை சரிபார்த்துவிட்டுக் கொடுத்தார்.

“எழுத்து தப்பக் கூடாது” என்றார்.